நம் வார்டில் நடக்க இடம் எங்கே?

(வார்டு பொறுப்பாளர்கள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச வந்தது தெருவைப் பற்றி. நிதிப் பகிர்வு, மாநில உரிமை என்று எதிர்பார்த்து வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். அதெல்லாம் பேச நம்மிடம் நல்ல பேச்சாளர்கள் இருக்காங்க. தெருவைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

ஒரு கவுன்சிலர் மேஜையில் இருக்கிற மனுக்களை எடுத்துப் பாருங்க. ரோடு போடுங்க. பள்ளத்தை மூடுங்க. லைட் எரியல. வேகத்தடை வேணும். சாக்கடை மூடி உடைஞ்சிருக்கு. எல்லாமே தெருதான். ஆனால் "நாங்கள் நடக்க இடம் கொடுங்க" என்று ஒரு மனு வருவது ரொம்ப அபூர்வம். தேவை இல்லாமலா? கேட்டாலும் கிடைக்காது என்று பழகிவிட்டோம். தெரு என்றால் வண்டிக்கு, மிச்சம் இருந்தால் மனுஷனுக்கு என்று நாமே ஒத்துக்கொண்டு விட்டோம்.

இந்த ஒப்புதலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம். 2022ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையில் இருக்கிற கணக்கு இது. இந்தியா முழுக்க சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இறந்தது யார் என்று பாருங்க. நாடு முழுக்க நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவங்க. நடந்து போனவங்க 32,825 பேர், அதாவது ஐந்தில் ஒருவர். கார், டாக்சி, வேனில் போய் இறந்தவர்கள் எட்டில் ஒருவர்தான். ரோட்டில் அதிக இடம் பிடிப்பவர் யாரோ அவர் குறைவாகச் சாகிறார். இடமே இல்லாதவர் அதிகமாகச் சாகிறார். சமூகநீதி பேசுகிற நமக்கு இந்தக் கணக்கு உறுத்தவில்லை என்றால் வேறு எந்தக் கணக்கு உறுத்தும்?

விபத்து நடந்ததும் முதலில் என்ன சொல்றோம்? "குடிச்சிருப்பான்." "போன் பேசிக்கிட்டு வந்திருப்பான்." "அந்தம்மா பார்க்காம குறுக்க போயிருக்கும்." சரி, மனுஷன் தப்பு செய்வான். நாளைக்கும் செய்வான். ஒருவர் செய்கிற சின்னத் தப்புக்கு மரணம்தான் தண்டனையா என்பதுதான் கேள்வி. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது சாலை போடுகிறவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். நம் ஊரில் அந்தப் பொறுப்பை யாரும் தோளில் போட்டுக்கொள்வதில்லை. எஃப்.ஐ.ஆரில் டிரைவர் பேர் இருக்கும். தெருவை அப்படிப் போட்டவர் பேர் இருக்காது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விதிகளில் சொன்ன தரத்தில் சாலையை வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அலுவலர், ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இப்படி ஒரு பிரிவு இருப்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லலை, பயப்படாதீங்க.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குதான். ஒரு வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் வருது. குறுக்கே பிள்ளை ஓடி வருது. டிரைவர் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டர் வந்துவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர். அதே வண்டி 50இல் வந்தால்? அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முழுசா நிற்க சுமார் 28 மீட்டர் வேணும். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. மழையில் இன்னும் மோசம்.

இப்போ அந்தப் பிள்ளை 15 மீட்டர் தள்ளி நிற்குதுன்னு வச்சுக்குங்க. 30இல் வந்த வண்டி பிள்ளைக்கு முன்னாடியே நின்னுடும். 50இல் வந்த வண்டி பிரேக்கைத் தொடும்போதே பிள்ளைக்கிட்ட வந்திருக்கும். கிட்டத்தட்ட அதே வேகத்தில் மோதும். டிரைவர் அதே ஆள், பிள்ளையும் அதே பிள்ளை. மாறினது வேகம் மட்டும்தான். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலந்து போகிற இடத்தில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடு அறிவித்தது இதனால்தான்.

"30ன்னு போர்டு வச்சிடலாம் தலைவரே" என்று உடனே ஒரு குரல் வரும். போர்டு வைத்தால் யாரும் கேட்க மாட்டாங்க. நேரா, அகலமா, மழமழன்னு ஒரு ரோட்டைப் போட்டு, ஓரத்தில் 30 என்று எழுதினால் கால் தானாக ஆக்சிலேட்டரை அமுக்கும். வேகத்தைக் குறைப்பது தெருவின் அமைப்பு. ரோடு தேவையான அகலம் மட்டும் இருக்கணும். திருப்பம் இறுக்கமாக இருக்கணும். நம் ஊர்ச் சந்திப்புகளில் மூலையை வளைத்து வளைத்து வெட்டி, ஃப்ரீ லெஃப்ட் என்று விட்டிருக்காங்க. வண்டி வேகம் குறைக்காமலே திரும்புது. நடக்கிறவருக்கு அந்தச் சந்திப்பில் எந்த சிக்னலும் தன்னுடையது இல்லை.

அடுத்தது வேகத்தடை. நம் வார்டுகளில் அதிகம் கேட்கப்படுகிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம். விபத்து நடந்த மறுநாள் மறியல். அதற்கு அடுத்த நாள் தாரைக் கொட்டி ஒரு முழ அகலத்தில் ஒரு மேடு. வெள்ளைக் கோடு இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை. ராத்திரி வருகிற டூவீலர்காரர் தூக்கி எறியப்படுகிறார். ஆட்டோவில் போகிற கர்ப்பிணிக்கு உயிர் போய் உயிர் வருது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு அளவு சொல்லியிருக்கு: வளைந்த மேடு, அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம், அதற்கு மேல் போனால் உறைக்கும். அதாவது ஒழுங்காகப் போகிறவரை அது தண்டிக்காது. நாம போடுகிற மேடு எல்லாரையும் தண்டிக்கும். அதைவிட நல்லது ஒன்று இருக்கு. பள்ளிக்கூட வாசலில் ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி, மேலே தட்டையாக்கி, ஜீப்ரா கோடு போட்டுவிடலாம். பிள்ளைகள் இறங்காமல் ஏறாமல் நேராக நடந்து போவாங்க. வண்டிதான் ஏறி இறங்கணும். யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று வண்டிக்குப் புரியும்.

நடைபாதைக்கு வருவோம். சென்னையில் நடைபாதை என்று ஒன்று இருக்கும். பல இடத்தில் அது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயரமோ, பிளாட்பாரமும் அவ்வளவு உயரம். முழங்கால் வலி இருக்கிற ஒரு அம்மா அதில் ஏறணும், அடுத்த வீட்டு கேட் வந்ததும் இறங்கணும், திரும்ப ஏறணும். நடுவில் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், கேபிள் சுருள், நிறுத்தி வைத்த பைக். நாலு வீடு தாண்டுவதற்குள் அவங்க ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் "பிளாட்பாரம் போட்டாலும் ஜனங்க ரோட்டுலதான் நடக்குறாங்க" என்று நாம சலிச்சுக்குவோம்.

இதற்கும் அளவு எழுதி வச்சிருக்காங்க. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது: எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு அடி. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகிற அகலம் அது. ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. இறங்குமிடத்தில் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளச் சரிவு. உங்க வார்டில் இந்த மூன்றும் சரியாக இருக்கிற ஒரு நூறு மீட்டரைக் காட்டுங்க, நான் வந்து சால்வை போர்த்துறேன்.

ரோட்டு உயரமும் இதோடு சேர்ந்த கதை. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே தார் போடுறாங்க. தடவைக்கு 4, 5 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஐந்து தடவையில் முக்கால் அடி. தெரு மேலே போகுது, வீடு கீழே போகுது. மழை வந்தால் தண்ணி வாசலுக்குள்ளே. அப்போ வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாசல்படியை உயர்த்துவார், வண்டி ஏற்ற ஒரு சாய்தளம் கட்டுவார். அந்தச் சாய்தளம் தெருவுக்குள்ளே மூன்றடி நீளும். பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுவார். தெரு ஓரம் முழுக்கச் சாய்தளமாகிவிடும், நடக்கிறவர் நடு ரோட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் ஆக்கிரமிப்பு என்று அந்த ஏழை வீட்டுக்காரரின் படியை இடிக்க ஜேசிபி வரும். தொடங்கி வச்சது யாரு? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாச்சு. உங்க தெருவில் ரோடு போடுகிற அன்று மில்லிங் மெஷின் வருதான்னு நின்னு பாருங்க. ரோலர் மட்டும் வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்க. கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம், உத்தரவின் நகல் ஒன்று கையில் இருந்தால் போதும்.

பெண்களிடம் இதைப் பேசினால் வேறு சில விஷயங்கள் வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ வீடுகளில் மாதச் செலவையே மாற்றிய திட்டம் அது. ஆனால் எந்தப் பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில்தான் முடியுது. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து இறங்குகிற பெண்ணுக்கு டிக்கெட் காசு மிச்சம், சரி. ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு இருட்டில் நடக்கணுமே? தெருவிளக்கு ரோட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற மாதிரி உயரத்தில் நிற்குது. மரக்கிளைக்குக் கீழே நடைபாதை கும்மிருட்டு. அதனால் ஆட்டோ பிடிக்கிறாங்க. மிச்சமான காசு அங்கே போயிடுது. 2024இல் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. நல்ல விஷயம், மாற்றுத்திறனாளி தோழர்கள் நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டு போராடிப் பெற்றது. ஆனால் சக்கர நாற்காலி அந்த ஸ்டாப் வரை வரத் தெருவில் வழி வேணும்.

ரோட்டைக் கடக்கும் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன். நடை மேம்பாலம் கேட்டு மனு கொடுக்காதீங்க. லாரி போகிற உயரத்துக்கு மேலே பாலம் கட்டினால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. காய்கறிப் பையோட யார் ஏறுவாங்க? கீழேதான் கடப்பாங்க, சென்டர் மீடியனைத் தாண்டிக் குதிப்பாங்க. கீழேயே சிக்னல் கேளுங்க. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு கேளுங்க.

நடைபாதை என்று பேச்செடுத்தாலே அதிகாரிகள் கண்ணுக்கு முதலில் படுவது பூக்கார அம்மாவும் இட்லிக் கடையும்தான். இதில் நம் நிலைப்பாடு தெளிவாக இருக்கணும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கணும். அந்தக் குழு கூடுதா, அதில் உட்கார்ந்திருப்பது உண்மையான வியாபாரிகளா என்று கேளுங்க. கடை இருக்கிற தெரு ராத்திரியில் பாதுகாப்பான தெரு, அதையும் மறக்கக் கூடாது. நடக்க ஆறு அடி சுத்தமாக விட்டுவிட்டு, ரோட்டை ஒட்டி மரம், விளக்குக் கம்பம், மின் பெட்டி, தள்ளுவண்டி எல்லாத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்கினால் இரண்டு பேருக்கும் சண்டையே வராது. அந்த வரிசையில் இப்போ கார் நிற்குது. பூக்கார அம்மாவின் கூடைக்கு ரெண்டடி போதும். ஒரு கார் பதினைந்தடி நீளத்தை நாள் முழுக்க இலவசமாக வச்சிருக்கு. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நாம யாருக்குச் சொல்றோம், யாருக்குச் சொல்றதில்லை?

அதே மூச்சில் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடைபாதையில் கொடிக்கம்பம் நடாதீங்க. தலைவர் வருகிறார் என்று வளைவுக்குக் குழி தோண்டாதீங்க. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த திருமண வரவேற்பு பேனர் விழுந்து, பைக்கில் போன ஓர் இளம்பெண் நிலைதடுமாறி விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். வைத்தது ஓர் அரசியல் கட்சிப் பிரமுகரின் குடும்பம். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியம் இல்லை. நடைபாதை கேட்டுப் போகிறவர்கள் நடைபாதையை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரிவரும், நம்ம ஊருக்கு ஆகாது" என்கிறவர்களுக்குச் சொல்றேன். நெதர்லாந்து இன்றைக்கு சைக்கிள் நாடு. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் 3,300 பேர் செத்தாங்க, அதில் 400க்கும் மேல் குழந்தைகள். அடுத்த ஆண்டு "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பேரிலேயே ஓர் இயக்கம் தொடங்கியது. பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்தாங்க, பிள்ளைகள் சைக்கிளில் ஊர்வலம் போனாங்க. அரசு இறங்கி வந்தது. அது பிறவியிலேயே வந்த நாகரிகம் கிடையாது, போராடி வாங்கினது. போராட்டம் நமக்கு யாரும் சொல்லித் தரணுமா?

நம் ஊரிலேயே பாருங்க. தி.நகர் தியாகராய சாலையில், அதான் பாண்டி பஜாரில், 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கி ரோட்டைச் சுருக்கினாங்க. அதற்கு முன்னாடி அங்கே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தவங்களுக்குத் தெரியும் என்ன பாடு என்று. இப்போ அங்கே தாத்தா பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுறாங்க. கார் நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தை மீறித்தான் அது நடந்தது. குறையே இல்லையா என்றால் இருக்கு. 2013இல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றினாங்க, மாடியில் வியாபாரம் இல்லை என்ற புலம்பல் அப்போதே எழுந்தது. என் பெரிய வருத்தம் வேற. தி.நகருக்குக் கிடைத்தது வியாசர்பாடிக்கு எப்போ? கண்ணகி நகருக்கு எப்போ? 2014இலேயே சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கணும் என்று அதில் இருக்கு. 200 வார்டிலும் இருக்கிற நம் தோழர்கள் அடுத்த பட்ஜெட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: அந்த அறுபது எங்கே?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அதனால் இனிமேல் "தயவுசெய்து செய்து தரவும்" என்று மனு எழுதாதீங்க. உரிமை என்று எழுதுங்க.

இப்போ வேலைக்கு வருவோம். நகரத்தில் பகுதி சபைக் கூட்டம் இருக்கு. ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கு. கிராமத்துத் தோழர்கள் "எங்களுக்கு எதுக்குப் பிளாட்பாரம்" என்று நினைக்காதீங்க. ஊர்த் தெரு நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிற இடம் எது, பள்ளிப் பிள்ளைகள் எங்கே கடக்கிறாங்க, அங்கே விளக்கு இருக்கா என்று பாருங்க. உங்கள் தீர்மானம் அந்த ஒரு இடத்தைப் பற்றி இருந்தால் போதும்.

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து நடங்க. அந்த நாலு பேரில் ஒரு வயதான அம்மா இருக்கணும், ஒரு பள்ளி மாணவி இருக்கணும், சக்கர நாற்காலியிலோ கைத்தடியோடோ போகிற ஒருவர் இருக்கணும். பைக்கில் போய்ப் பார்த்துட்டு வந்து அறிக்கை எழுதுகிற வேலை வேண்டாம். வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு, பள்ளிக்கு, பஸ் ஸ்டாப்புக்கு. கையில் தையல் டேப் போதும். எங்கே ஆறு அடி இல்லை, எங்கே உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டுது, எந்த மூடி உடைஞ்சிருக்கு, எந்த விளக்கு எரியலை என்று போட்டோவோட குறிச்சுக்குங்க. எல்லாத்தையும் ஒரே தீர்மானத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது. முதலில் பள்ளி வாசல். அது முடிந்ததும் பஸ் ஸ்டாப்.

தீர்மானத்தின் நகலையும் போட்டோக்களையும் இந்தப் பதிவின் கீழே போடுங்க, வார்டு எண்ணோடு. நம் உறுப்பினர்கள் மன்றத்தில் கேட்கத் தேவையான விவரம் அதிலிருந்துதான் வரணும். மாவட்டவாரியாகத் தொகுக்கிற தோழர்கள் பேரைச் செயலாளர் இப்போ வாசிப்பார்.